வாரம் நான்கு பவுண்டு: சாண்டி டர்ன்புல்லின் ஆட்டவாழ்க்கை

சாண்டி டர்ன்புல் என்ற ஸ்காட்லாந்து ஆட்டக்காரரை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நான்கு முறை களத்திலிருந்து விலக்கியது. 1905இல் எதிரணி வீரரோடு கைகலந்ததற்காக. 1906இல் விதி அனுமதித்ததற்கு மேல் சம்பளம் வாங்கியதற்காக. 1909இல் தொழிற்சங்கத்தை விட்டு வெளியேற மறுத்ததற்காக. 1915இல் ஓர் ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே பேசி வைத்துப் பந்தயம் கட்டிய சதியில் சேர்ந்ததற்காக. இப்படி அடுக்கிப் பார்த்தால், முரடராகத் தொடங்கி மோசடிக்காரராக முடிந்த ஒருவரின் சித்திரம் கிடைக்கும். மான்செஸ்டர் கால்பந்து வரலாற்றில் அவர் பெயர் வரும் இடங்களில் பெரும்பாலும் இந்தச் சித்திரமே தென்படுகிறது.

ஆனால் தண்டித்தவர்களின் பதிவேட்டை மட்டும் வைத்துத் தண்டிக்கப்பட்டவரின் வாழ்க்கையை எழுதிவிட முடியாது. இந்த நான்கில் இரண்டு, ஊதியம் சம்பந்தப்பட்டவை. அந்த இரண்டையும் புரிந்துகொள்ளாமல் நான்காவதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

டர்ன்புல் 1884இல் ஸ்காட்லாந்தின் தென்மேற்கே, அயர்ஷயரில் கில்மார்னக் நகரை அடுத்த ஹர்ல்ஃபோர்டில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு உலையும்தான் அந்த ஊரின் பிழைப்பு. அவரும் சுரங்கத்தில் இறங்கியவர்தான். அலெக்சாண்டர் என்பது முழுப்பெயர். அந்தப் பெயருள்ளவர்களை ஸ்காட்லாந்தில் சாண்டி என்று கூப்பிடுவார்கள். சுரங்கத்தை விட்டு மேலே வர அந்தப் பகுதி இளைஞர்களுக்கு இருந்த ஒருசில வழிகளில் கால்பந்தும் ஒன்று. பணம் வாங்கிக்கொண்டு ஆடுவதை இங்கிலாந்து 1885இலேயே ஏற்றுக்கொண்டது. ஸ்காட்லாந்து 1893 வரை ஏற்கவில்லை. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் நல்ல ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போனார்கள். தனியாளாகப் பந்தை உருட்டிக்கொண்டு ஓடுவதை விட்டு, ஒருவருக்கொருவர் தட்டிக் கொடுத்து முன்னேறும் ஆட்டமுறையை இங்கிலாந்தில் வேரூன்றச் செய்தவர்கள் அவர்களே. 1892இல் தொடங்கிய லிவர்பூல் கிளப்பின் முதல் அணி ஏறக்குறைய முழுவதும் ஸ்காட்லாந்துக்காரர்களால் ஆனது. 1902இல் டர்ன்புல் மான்செஸ்டர் சிட்டியில் சேர்ந்தபோது அந்தப் பாதை நன்றாகத் தேய்ந்திருந்தது.

அவர் போய்ச் சேர்ந்த தொழிலுக்கு ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. 1901 முதல் எந்த ஆட்டக்காரருக்கும் வாரம் 4 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது. வெற்றிக்கான ஊக்கத்தொகையும் கூடாது. அந்தக் காலத்துச் சுரங்கத் தொழிலாளிக்கு 4 பவுண்டு பெரிய தொகைதான், மறுப்பதற்கில்லை. பணக்காரக் கிளப்கள் எல்லாத் திறமையையும் வாரிக்கொண்டு போய்விடாமல் சிறிய ஊர் அணிகளைக் காப்பதே நோக்கம் என்று விதியை ஆதரித்தவர்கள் சொன்னார்கள். அந்த வாதத்தில் பொருள் உண்டு. ஆனால் உச்சவரம்பு ஆட்டக்காரரின் சம்பளத்துக்கு மட்டும்தான். நுழைவுக் கட்டணத்தால் கிளப் சேர்க்கும் பணத்துக்கு வரம்பில்லை. ஓர் ஆட்டக்காரரை இன்னொரு கிளப்புக்கு விற்கும்போது கிடைக்கும் தொகைக்கும் இல்லை. 1905 பிப்ரவரியில் ஆல்ஃப் காமன் என்பவரை மிடில்ஸ்பரோ 1,000 பவுண்டு கொடுத்து சண்டர்லாந்திடமிருந்து வாங்கியது. அதற்கு முன் யாருக்கும் அந்த விலை தரப்பட்டதில்லை. விலைபோன காமனுக்கு வாரம் 4 பவுண்டுதான். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் கிளப் விடுவிக்காமல் வேறு கிளப்புக்கு ஆட முடியாது என்ற விதியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தன் உழைப்பின் விலையைப் பேசவும் அதை வேறிடத்தில் கொண்டுபோய்ப் பேசவும் அவருக்கு உரிமை இல்லை.

இப்படி ஒரு விதி இருக்கும்போது கணக்குப் புத்தகம் ஒன்றும் கைமாறும் காசு வேறுமாக இருப்பது இயல்பு. பெரிய கிளப்கள் பலவும் மறைவாக அதிகம் கொடுத்தன. மான்செஸ்டர் சிட்டி தாராளமாகவே கொடுத்தது. நிர்வாகி டாம் மேலியும் ஸ்காட்லாந்துக்காரர். வலது ஓரத்தில் வேல்ஸ் நாட்டு பில்லி மெரிடித், இடப்பக்கம் உள்ளே டர்ன்புல். டர்ன்புல் உயரமானவர் அல்லர். கட்டையான, திரண்ட உடல். ஆனாலும் மெரிடித் ஓரத்திலிருந்து தூக்கிப் போடும் பந்துக்குத் தன்னைவிட உயரமான தடுப்பாளர்களை முந்திக்கொண்டு தலை கொடுப்பார். 1903இல் அந்த அணி இரண்டாம் பிரிவை வென்றது. 1904 ஏப்ரல் 23 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் போல்டனை 1-0 என்று தோற்கடித்துக் கால்பந்துச் சங்கக் கோப்பையைக் (எஃப்.ஏ. கோப்பை) கைப்பற்றியது, கோல் மெரிடித்துடையது. மான்செஸ்டர் நகருக்குக் கிடைத்த முதல் பெரிய கோப்பை அதுதான்.

மறு ஆண்டு பருவத்தின் கடைசி ஆட்டம், ஆஸ்டன் வில்லாவுடன். சிட்டிக்கு லீக் பட்டம் வெல்லும் வாய்ப்பு மிச்சமிருந்தது. 3-2 என்று தோற்றார்கள். ஆட்டத்தின் நடுவே டர்ன்புல்லும் வில்லா அணித் தலைவரும் அடித்துக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்த பிறகு டர்ன்புல்லை வில்லா உடைமாற்றும் அறைக்குள் இழுத்துப்போய் அடித்ததாகவும் செய்தி வந்தது. விசாரித்த சங்கம் டர்ன்புல்லை ஒரு மாதம் விலக்கியது. வில்லா தலைவருக்குத் தண்டனை இல்லை. அதைவிடப் பெரிய விவகாரம் ஒன்று அதே விசாரணையில் வெளிப்பட்டது. விட்டுக்கொடுத்து ஆடுவதற்காக வில்லா தலைவருக்கு மெரிடித் 10 பவுண்டு தருவதாகச் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. மெரிடித் ஏறத்தாழ ஒரு பருவம் முழுவதும் விலக்கப்பட்டார்.

தடைக்காலத்தில் கிளப் தன்னைக் கைவிட்டதும் மெரிடித் வாய் திறந்தார். அந்தப் பேரத்தைப் பற்றிக் கிளப்பில் எல்லோருக்கும் தெரியும் என்றார். தனக்கு வாரம் 6 பவுண்டு தரப்பட்டதையும் சொன்னார். சங்கம் கணக்காயரை அனுப்பிப் புத்தகங்களைப் புரட்டியது. 1906இல் வந்த தீர்ப்பு ஓர் அணியையே அழித்தது. டாம் மேலிக்கும் கிளப் தலைவருக்கும் காலவரையற்ற தடை. டர்ன்புல் உட்பட 17 ஆட்டக்காரர்களுக்கு மொத்தம் 900 பவுண்டு அபராதம். 1907 ஜனவரி 1 வரை ஆடக்கூடாது, இனி எக்காலத்திலும் சிட்டிக்காக ஆடக்கூடாது. எல்லாக் கிளப்களும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம் என்ற மேலியின் வாதம் எடுபடவில்லை. அது பொய்யான வாதம் அல்ல என்றே நான் கருதுகிறேன். ஒரு கிளப்பின் புத்தகத்தை மட்டும் திறந்து பார்த்து அந்தக் கிளப்பை மட்டும் தண்டித்ததன் மூலம், விதி மீறுவது குற்றமில்லை, அகப்படுவதுதான் குற்றம் என்ற பாடத்தைச் சங்கம் ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களுக்குக் கற்பித்தது.

தடை செய்யப்பட்டவர்களை விற்பதற்கு மான்செஸ்டர் குயின்ஸ் ஹோட்டலில் ஏற்பாடு நடந்தது. பல கிளப்களின் ஆட்கள் வந்து கூடினார்கள். பக்கத்திலேயே இருந்த மான்செஸ்டர் யுனைடெட்டின் செயலர் எர்னஸ்ட் மாங்னல் முந்திக்கொண்டு மெரிடித், டர்ன்புல், பர்ஜெஸ், பானிஸ்டர் ஆகிய நால்வரையும் தன் பக்கம் சேர்த்துவிட்டார். 1907 ஜனவரி 1, தடை நீங்கிய அன்றே, கிளேட்டனில் இருந்த பழைய மைதானத்தில் நால்வரும் யுனைடெட் உடையில் இறங்கினார்கள். எதிரணி அதே ஆஸ்டன் வில்லா. மெரிடித் ஓரத்திலிருந்து அனுப்பிய பந்தை டர்ன்புல் கோலாக்கினார். 1-0.

அடுத்த பருவம்தான் அவருடைய உச்சம். 1907-08இல் லீக்கில் 25 கோல்; வூல்விச் ஆர்சனலுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு. அந்த டிசம்பரில் பழைய கிளப்பான சிட்டியை யுனைடெட் 3-1 என்று வென்றபோது இரண்டு கோல் போட்டார், வெளியேற்றவும் பட்டார். மான்செஸ்டர் நகரின் இரு அணிகளும் மோதிய ஆட்டங்களில் நடுவரால் வெளியேற்றப்பட்ட முதல் ஆட்டக்காரர் அவரே. பருவ முடிவில் யுனைடெட் முதன்முறையாக லீக் பட்டம் வென்றது.

மைதானத்துக்கு வெளியே அதே ஆண்டு நடந்ததையும் பார்க்க வேண்டும். 1907 ஏப்ரலில் யுனைடெட்டின் ஸ்காட்லாந்து வீரர் தாமஸ் பிளாக்ஸ்டாக் இரண்டாம் அணி ஆட்டம் ஒன்றில் பந்தைத் தலையால் அடித்ததும் சுருண்டு விழுந்து இறந்தார். இயற்கை மரணம் என்று விசாரணை முடிந்தது. குடும்பத்துக்கு இழப்பீடு இல்லை. வேலை செய்யும் இடத்தில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்கு எது உரியதோ அது ஆட்டக்காரருக்கும் உரியதா என்ற கேள்வி மான்செஸ்டரில் சூடாகவே இருந்தது. அந்த டிசம்பர் 2 அன்று இம்பீரியல் ஹோட்டலில் மெரிடித் தலைமையில் ஆட்டக்காரர்கள் கூடித் தொழிற்சங்கம் அமைத்தார்கள். ஊதிய வரம்பை நீக்க வேண்டும், கிளப் மாறும் உரிமை வேண்டும், காயத்துக்கும் மரணத்துக்கும் இழப்பீடு வேண்டும் என்பவை அவர்கள் கோரிக்கைகள். யுனைடெட் அணி ஏறக்குறைய முழுமையாக அதில் இருந்தது. 1906இல் அபராதம் கட்டிய டர்ன்புல் போன்றவர்களுக்கு இதன் அவசியத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1909 ஏப்ரல் 24, மறுபடியும் கிரிஸ்டல் பேலஸ். கோப்பை இறுதியாட்டத்தில் யுனைடெட்டும் பிரிஸ்டல் சிட்டியும். 71,000 பேருக்கு மேல் கூட்டம். டர்ன்புல்லுக்கு முழங்காலில் அடி, ஆடுவது சந்தேகம். மாற்று ஆட்டக்காரர்கள் இல்லாத காலம் அது. பாதியில் அவர் நொண்டினால் மீதி ஆட்டம் பத்துப் பேரோடுதான். அணித் தலைவர் சார்லி ராபர்ட்ஸ், அவரை இறக்குங்கள், எப்படியும் ஒரு கோல் போடுவார், போட்டுவிட்டால் அப்புறம் நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம் என்று மாங்னலிடம் வாதாடினார். 22ஆம் நிமிடத்தில் சக வீரர் ஹால்ஸ் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் மோதித் திரும்பியது. டர்ன்புல் அதை வலைக்குள் தள்ளினார். அந்த ஒரு கோலே போதுமானதாக இருந்தது. யுனைடெட்டின் முதல் கோப்பை அது.

வெற்றி பெற்று மூன்று மாதம் முடிவதற்குள் அந்த அணி முழுவதும் தடை செய்யப்பட்டது. ஆட்டக்காரர் சங்கம் பொதுத் தொழிற்சங்கக் கூட்டமைப்போடு இணைந்ததைக் கால்பந்துச் சங்கத்தால் பொறுக்க முடியவில்லை. ஜூலை 1க்குள் ஒவ்வோர் ஆட்டக்காரரும் தொழிற்சங்கத்தை விட்டு விலகியதாகக் கையெழுத்திட வேண்டும், இல்லையேல் ஆட்டம் இல்லை, சம்பளம் இல்லை என்று உத்தரவிட்டது. நாடெங்கும் பெரும்பாலோர் கையெழுத்திட்டார்கள். அவர்கள் மீது குறை சொல்ல எனக்கு மனமில்லை. வேறு கைத்தொழில் தெரியாத குடும்பஸ்தர்கள் அவர்கள். யுனைடெட் ஆட்டக்காரர்கள் மட்டும் அணியாக நின்று மறுத்தார்கள். கிளப் மைதானத்தில் அனுமதி இல்லாததால் ஃபாலோஃபீல்டில் பயிற்சி செய்தார்கள். அங்கே எடுத்த படத்தில் ‘விலக்கப்பட்டோர் கால்பந்துக் கழகம்’ என்ற பலகையோடு அமர்ந்திருக்கிறார்கள், டர்ன்புல்லும் இருக்கிறார். சம்பள நாளில் கிளப் அலுவலகத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருந்தபோது, ஆட்டக்காரர் ஒருவர் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி இடுக்கிக்கொண்டு நடந்தார் என்று ராபர்ட்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். எவர்ட்டனின் டிம் கோல்மன் போன்ற வேறு சிலரும் சேர்ந்துகொள்ளவே கால்பந்துச் சங்கம் இறங்கிவந்தது. பருவம் தொடங்கும் தறுவாயில், ஆகஸ்ட் 31 அன்று உடன்பாடு ஏற்பட்டது. தொழிற்சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் கூட்டமைப்போடு கொண்ட உறவை அது கைவிட வேண்டியதாயிற்று. உச்ச ஊதியம் அப்படியே நின்றது. 1910இல் நீண்ட காலம் ஆடியவர்களுக்கு மட்டும் படிப்படியாக 5 பவுண்டு வரை உயரலாம் என்று தளர்த்தினார்கள். தொழிற்சங்கத்தின் முன்னணியில் நின்ற ராபர்ட்ஸ் அந்தக் காலத்தின் சிறந்த நடுக்கள வீரர்களில் ஒருவர். இங்கிலாந்துக்காக அவர் ஆடியது மூன்றே ஆட்டம்.

இந்தக் கட்டத்தில்தான் ஓல்ட் டிராஃபோர்ட் எழுந்தது. மது ஆலை அதிபரும் யுனைடெட் தலைவருமான ஜான் ஹென்றி டேவிஸ் ஏறத்தாழ 60,000 பவுண்டு செலவில் அந்த மைதானத்தைக் கட்டுவித்தார். 1910 பிப்ரவரி 19, முதல் ஆட்டம், லிவர்பூலுடன். அங்கே விழுந்த முதல் கோல் டர்ன்புல் தலையால் போட்டது. ஆட்டத்தை லிவர்பூல் 4-3 என்று வென்றது. இன்று அவர் பெயர் சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த ஒரு கோலுக்காகத்தான். கால்பந்தில் எவ்வளவு பணம் புரண்டது என்பதற்கு அந்தக் கட்டடமே சாட்சி. அதை நிரப்பக் கூட்டத்தை இழுத்துவந்த ஆட்டக்காரர்களின் வாரக்கூலி மட்டும் சட்டம் போட்டுக் கட்டப்பட்டிருந்தது.

1910-11இல் யுனைடெட் மீண்டும் லீக் பட்டம் பெற்றது. டர்ன்புல் 18 கோல், புதிதாக வந்திருந்த ஈனக் வெஸ்ட் 19. அதன் பிறகு இறக்கம். மாங்னல் 1912இல் சிட்டிக்குப் போனார்; ராபர்ட்ஸை 1913இல் ஓல்டமுக்கு விற்றார்கள். டர்ன்புல்லுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. யுனைடெட்டில் அவர் ஆடியவை மொத்தம் 247 ஆட்டம், போட்டவை 101 கோல். ஸ்காட்லாந்து அணிக்கு அவரை ஒருமுறைகூட எடுக்கவில்லை.

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. லீக்கை நிறுத்தவில்லை, இளைஞர்கள் போர்முனையில் சாகும்போது இவர்கள் பந்து உதைக்கிறார்களா என்ற வசவு பத்திரிகைகளில் நாள்தோறும் வந்தது. இந்தப் பருவத்தோடு எல்லாம் நின்றுபோகும் என்று 1915 வசந்தத்தில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நின்றால் சம்பளமும் நிற்கும். முப்பது வயதைத் தாண்டியவருக்குத் திரும்பி வர இடம் இருக்காது. ஏப்ரல் 2, புனித வெள்ளி. கடைநிலைக்குத் தள்ளப்பட்டிருந்த யுனைடெட் ஓல்ட் டிராஃபோர்டில் லிவர்பூலை 2-0 என்று வென்றது. ஆட்டம் பார்க்கவே கூசும்படி இருந்தது. யுனைடெட்டுக்குக் கிடைத்த பெனால்டி வெகுதூரம் விலகிப் போனது. லிவர்பூலின் பாக்னம் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டபோது அவருடைய சகாக்களே அவர்மேல் கோபப்பட்டார்கள். யுனைடெட் 2-0 என வெல்லும் என்று ஒன்றுக்கு ஏழு வீதத்தில் ஏராளமான பந்தயம் கட்டப்பட்டிருந்தது தெரியவந்ததும் பந்தயக்காரர்கள் பணம் தர மறுத்து, தகவல் தருவோருக்குப் பரிசு அறிவித்தார்கள்.

அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் சங்கம் தீர்ப்பளித்தது. லிவர்பூலின் ஷெல்டன், மில்லர், பர்செல், ஃபேர்ஃபுல், யுனைடெட்டின் வெஸ்ட், வாலி, டர்ன்புல், செஸ்டரின் குக். எண்மருக்கும் ஆயுள் தடை. இவர்களில் வாலியும் டர்ன்புல்லும் அன்றைய ஆட்டத்தில் இறங்கவே இல்லை. சூத்திரதாரியான ஷெல்டன் முன்பு யுனைடெட்டில் அவர்களோடு இருந்தவர். இரண்டு உடைமாற்றும் அறைகளுக்கும் இடையே பேச்சு ஓடிய வழி அதுதான்.

இதை நியாயப்படுத்த நான் முயலவில்லை. 1906இல் டர்ன்புல் செய்தது, கொடுக்க விரும்பிய முதலாளியிடமிருந்து தன் உழைப்புக்குக் கூலி வாங்கியது. அதனால் பார்வையாளர் யாரும் ஏமாறவில்லை. 1915இல் நடந்தது நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே வந்தவர்களை ஏமாற்றியது. அந்த வெற்றி தந்த இரண்டு புள்ளிகளால் யுனைடெட் 30 புள்ளியோடு தப்பியது, செல்சி 29 புள்ளியோடு இரண்டாம் பிரிவுக்கு இறங்கும் இடத்துக்குப் போனது. இரண்டும் ஒரே தராசில் நிற்கத் தக்கவை அல்ல. ஆனால் இரண்டையும் ஒரே பெயரிட்டு, ஒரே விதமாகத் தண்டித்துப் பழகிய அமைப்பின் கீழ் பத்தாண்டு வாழ்ந்த ஒருவருக்கு, அவற்றுக்கு இடையிலான கோடு மங்கிப் போயிருக்கக் கூடும் என்று நான் நினைக்கிறேன். அந்த மங்கலில் சங்கத்துக்கும் பொறுப்பு உண்டு. கிளப் நிர்வாகத்துக்குச் சதியில் பங்கில்லை என்று சொல்லி ஆட்ட முடிவை அது அப்படியே விட்டுவிட்டது. பலன் கிளப்புக்கு, தண்டனை ஆட்டக்காரருக்கு.

டர்ன்புல் படையில் சேர்ந்தார். கால்பந்து வீரர்களுக்காகத் திரட்டிய மிடில்செக்ஸ் படைப்பிரிவின் 23ஆம் அணியில் முதலில். பின்னர் கிழக்கு சர்ரே படைப்பிரிவின் 8ஆம் அணிக்கு மாற்றப்பட்டார். 1916 ஜூலை 1 அன்று சோம் போரின் முதல் நாளில், கேப்டன் நெவில் கொடுத்த கால்பந்துகளை உதைத்தபடி எதிரியை நோக்கி முன்னேறியது அந்த 8ஆம் அணிதான். போருக்கு ஆள் சேர்க்கும் பத்திரிகைகள் அந்தச் செய்தியைக் கொண்டாடின. அடுத்த ஆண்டு மே 3, அராஸ் போரில், விடியுமுன் அந்த அணி செரிசி கிராமத்தைத் தாக்கி உள்ளே புகுந்தது. பக்கத்துப் படைகள் முன்னேற முடியாமற் போகவே எதிர்த்தாக்குதலில் இடம் கொடுத்து, இருட்டுவதற்குள் தொடங்கிய அகழிகளுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. டர்ன்புல் திரும்பவில்லை. முதலில் காணாமற்போனவர் பட்டியலில் வைத்தார்கள். வயது 32. மனைவியும் குழந்தைகளும் மான்செஸ்டரில் இருந்தார்கள். உடல் கிடைக்காததால் கல்லறை இல்லை. ஏறக்குறைய 35,000 பெயர்கள் பொறித்த அராஸ் நினைவுச் சின்னத்தில் அவர் பெயரும் உள்ளது.

1919இல், போர்ச் சேவையை முன்னிட்டு, தடை செய்யப்பட்டவர்களைச் சங்கம் மன்னித்தது. டர்ன்புல்லின் தடையும் அவர் இறந்த பிறகு நீங்கியது. வாலி யுனைடெட்டுக்குத் திரும்பி ஆடினார். லிவர்பூலின் மில்லர் 1920இல் அதே யுனைடெட்டில் சேர்ந்தார், ஸ்காட்லாந்துக்காகவும் ஆடினார். ஆட்டத்தை விற்ற குற்றம் அவருக்கு நாட்டு அணியின் கதவை அடைக்கவில்லை. முதல் பிரிவை 22 அணிகளாக விரித்துச் செல்சியையும் அதிலேயே வைத்துக்கொண்டார்கள்.

வெஸ்ட் மட்டும் விடுபட்டார். தான் குற்றமற்றவர் என்று அவர் கடைசிவரை சொன்னார்; சங்கத்தின் மீது அவதூறு வழக்குப் போட்டுத் தோற்றும் போனார். ஒப்புக்கொண்டவர்களையும் இறந்தவரையும் மன்னித்த சங்கம் அவரை மன்னிக்கவில்லை. 1945 நவம்பரில் தடை நீங்கியபோது அவருக்கு வயது 59. உச்ச ஊதிய விதி அதற்குப் பிறகும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஆட்டக்காரர் சங்கம் ஜிம்மி ஹில் தலைமையில் வேலைநிறுத்தம் அறிவித்த பிறகு, 1961 ஜனவரியில்தான் அதை எடுத்தார்கள்.